கொக்கியும் வட்டமும்

லீவைஸ் ஜீன்ஸின் வலது பின்பாக்கெட்டில், இடப்பக்கத் தையலுக்குள் செருகித் தைத்த ஒரு சின்னச் சிவப்புப் பட்டி இருக்கும். 1936இல் அந்த நிறுவனம் அதை வைக்கத் தொடங்கியதன் நோக்கம் எளிமையானது. தெருவில் முன்னால் போகிறவர் போட்டிருப்பது யார் தைத்த ஜீன்ஸ் என்று பின்னால் வருகிறவருக்குத் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். பட்டியில் வெள்ளை நூலால் நிறுவனத்தின் பெயரை நெய்திருப்பார்கள். 1971 வரை பெயரின் இரண்டாம் எழுத்தான ‘ஈ’ பெரிய எழுத்தில் இருந்தது. அதன்பின் சிறிய எழுத்தாகிவிட்டது. பழைய ஜீன்ஸ் சேகரிப்பவர்கள் ‘பிக் ஈ’ என்று செல்லப்பெயரே வைத்து, அந்த ஓர் எழுத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள்.

என்னை மயக்குவது வேறொரு பட்டி. சில ஜீன்ஸ்களில் அந்தப் பட்டியில் பெயரே இருக்காது. வெறும் சிவப்புத் துணி. அதில் தன்னந்தனியாக ஒரு ®. வாங்கியவர்கள் போலிச் சரக்கோ என்று பதறுவதுண்டு. ஆனால் அது வேண்டுமென்றே செய்தது. பெயரை மட்டுமல்லாமல், பாக்கெட் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பட்டியையே நிறுவனம் டிரேட்மார்க்காகப் பதிவு செய்திருக்கிறது. பெயரின் துணையில்லாமலேயே பட்டி தன் காலில் நிற்கும் அடையாளம் என்று காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காகத்தான் சிலவற்றில் பெயரை எடுத்துவிடுகிறார்கள். எழுத்தில்லாத இடத்தைச் சுட்டி, இதுவும் எங்களுடையதுதான் என்கிறது அந்த வட்டம். உரிமை கொண்டாடுவதை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவிட முடியாது.

பெயர் உள்ள பட்டிக்கு வருவோம். அந்தப் பெயரை நிறுவனம் தன் விளம்பரங்களில் எழுதும் விதத்தைத் தமிழெழுத்தில் காட்டினால் இப்படி இருக்கும்: லீவை’ஸ்®. எஸ்ஸுக்கு முன்னால் தொங்கும் சிறு கொக்கி, அதாவது அபாஸ்ட்ரஃபி, ஓர் உரிமைக் குறி. எஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் வட்டத்துக்குள் ஆர், அதுவும் உரிமைக் குறிதான். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஓர் எழுத்து. கொக்கி இலக்கணம் தந்தது. லீவை என்பவருடையது என்கிறது. வட்டம் சட்டம் தந்தது. பதிவு செய்தவருடையது என்கிறது. ஒரே சொத்தின்மேல் இரண்டு உரிமைகள். சொத்து யாருடையது என்று கேட்டால் இரண்டும் ஒரே ஆளைக் கைகாட்டுவதில்லை. லீவை ஸ்ட்ராஸ் 1902இலேயே காலமாகிவிட்டார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. தொழில் சகோதரி மகன்களிடம் போனது. கொக்கி மட்டும் இன்றும் எல்லாவற்றையும் அவர் பெயரிலேயே எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது.

இந்த இரண்டு குறிகளும் நிற்கும் இடத்தை அச்சுக்காரர் கண்ணோடு பார்த்தால் இன்னும் சுவை. ஆங்கில நிறுத்தக்குறிகளில் அடிக்கடி வரும் இரண்டும் தரையில் உட்காருபவை: முற்றுப்புள்ளி, காற்புள்ளி. அபாஸ்ட்ரஃபி என்பது மாடிக்குப் போன காற்புள்ளி. அதே உருவம், அதே குண்டுத் தலை, அதே வளைந்த வால். கீழே இருந்தால் வாசகனை ஒரு கணம் நிறுத்தும். மேலே போனால் ஒருவருக்கு ஒன்றை உடைமையாக்கும், இல்லையென்றால் விழுந்துபோன எழுத்துக்குச் சாட்சியாக நிற்கும். தட்டச்சுப் பொறி வந்தபோது ஒரு விசையை மிச்சப்படுத்த, திறக்கும் ஒற்றை மேற்கோள், மூடும் ஒற்றை மேற்கோள், அபாஸ்ட்ரஃபி மூன்றுக்கும் சேர்த்து ஒரே நேர்கோடு போட்டுவிட்டார்கள். கணினியும் அந்தக் கோட்டையே சீதனமாகப் பெற்றுக்கொண்டது. ஆகவே ஒரு கடைப்பலகையில் தலை பருத்து வால் மெலிந்த, இடப்பக்கம் வளையும் கொக்கியைப் பார்த்தால், அதை வடிவமைத்தவர் பொறுமைசாலி என்று நம்பலாம். வெறும் குச்சியாக நின்றால் விசைப்பலகை கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டார் என்று அர்த்தம்.

வட்டத்துக்கும் ஒரு குணம் உண்டு. ™ என்ற குறி பிறக்கும்போதே சின்னதாக, மேலே ஏறிய நிலையில் பிறக்கிறது. ® அப்படியல்ல. பல எழுத்துருக்களில் அது பெரிய எழுத்தின் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும். அதைச் சுருக்கி, தூக்கி, எஸ்ஸின் தோளுக்குப் பக்கத்தில் வைப்பது வடிவமைப்பாளரின் கைவேலை. கொஞ்சம் பெரிதாக விட்டால் பெயரைவிட வழக்கறிஞர் உரக்கப் பேசுவது போல் இருக்கும். ரொம்பச் சுருக்கினால் அச்சில் மை அப்பி வெறும் பொட்டாகிவிடும். லீவைஸ் பெயரைச் சிறிய எழுத்துகளில் அடித்துப் பாருங்கள். மேல்வரிசையில் ‘ஐ’ எழுத்தின் புள்ளி, அடுத்துக் கொக்கி, எஸ்ஸைத் தாண்டி வட்டம். புள்ளி, வளைவு, வளையம் என்று மூன்றும் ஒன்றைவிட ஒன்று பெரிதாகிக்கொண்டே போகும். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை, அமைந்துவிட்டது.

அந்த வரிசையில் ஓர் இலக்கணமும் இருக்கிறது. வட்டம் தனக்கு இடப்பக்கம் உள்ளதைத்தான் காவல் காக்கும். லீவை’ஸ்® என்று எழுதும்போது எஸ்ஸும் கொக்கியும் வட்டத்துக்கு உள்பக்கம் வந்துவிடுகின்றன. அவை பெயரின் உறுப்புகள், பதிவேட்டில் ஏறியவை. வட்டத்துக்கு வெளியே ஒரு கொக்கி விழுந்தால் அது பெயருக்குச் சொந்தமில்லை, அந்த வாக்கியத்தை எழுதியவர் போட்டது. ஒரு குறிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் உரிமையே கைமாறிவிடுகிறது. இத்தனைக்கும் வட்டம் வயதில் இளையது. வட்டத்துக்குள் ஆர் போட்டால் அது பதிவுக்கான அறிவிப்பாகும் என்று அமெரிக்கச் சட்டம் ஏற்றுக்கொண்டதே 1946இன் லேன்ஹாம் சட்டத்தில்தான். ™ போட யாரிடமும் அனுமதி வேண்டாம். இந்தப் பெயர் எனக்கு வேண்டும் என்று துண்டு போட்டு வைப்பதுதான் அது. ® அப்படியில்லை, பதிவான பிறகே போடலாம். நம் நாட்டிலும் பதிவாகாத பெயரைப் பதிவானது போல் காட்டுவதை 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டம் குற்றமாகவே வைத்தது.

கொக்கிக்கும் வட்டத்துக்கும் நடக்கும் இழுபறி எங்கே உச்சத்துக்குப் போகிறது என்று கேட்டால் மெக்டொனால்ட்’ஸைச் சொல்வேன். ரிச்சர்ட், மாரிஸ் என்ற மெக்டொனால்ட் சகோதரர்கள் 1940இல் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் உணவகம் திறந்தார்கள். அப்போது அந்தக் கொக்கி அப்பட்டமான உண்மை: மெக்டொனால்டுடைய கடை, அவ்வளவுதான். பால்கலக்கி இயந்திரம் விற்க வந்த ரே குரோக் அவர்களோடு ஒப்பந்தம் போட்டு 1955இல் இல்லினாய்ஸில் தன் முதல் கிளையைத் திறந்தார். 1961இல் 27 லட்சம் டாலர் கொடுத்து எல்லாவற்றையும் வாங்கிவிட்டார். எல்லாவற்றையும் என்றால் பெயரையும் சேர்த்து. சான் பெர்னார்டினோவின் மூலக் கடையை மட்டும் சகோதரர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். ஆனால் அதன் பெயர்ப்பலகையில் மெக்டொனால்ட்’ஸ் என்று போட அவர்களுக்கு உரிமை இல்லை. ‘தி பிக் எம்’ என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். குரோக் பக்கத்திலேயே ஒரு மெக்டொனால்ட்’ஸைத் திறந்தார்; சில ஆண்டுகளில் பிக் எம் மூடப்பட்டது.

இலக்கணப்படி யோசித்துப் பாருங்கள். மெக்டொனால்டுகள் நடத்திய ஒரே கடை மெக்டொனால்டுடையது இல்லை; அவர்கள் காலடி படாத ஆயிரக்கணக்கான கடைகள் மெக்டொனால்டுடையவை. வாசலில் இன்னும் தாத்தா பெயரில் ‘இல்லம்’ என்று பளிங்குக் கல் பதித்திருக்க, பட்டா வேறொருவர் பெயரில் இருக்கும் வீடுகளை நம் ஊரில் பார்த்திருக்கிறோம். கொக்கி அந்தப் பளிங்குக் கல். வட்டம்தான் பட்டா.

கெல்லாக்’ஸ் விஷயத்தில் கொக்கி யாருடையது என்பதற்கே வழக்கு நடந்தது. மிச்சிகனின் பேட்டில் கிரீக்கில் டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக் புகழ்பெற்ற சானிடேரியம் என்ற நலவாழ்வு விடுதியை நடத்தினார். தம்பி வில் கீத் கெல்லாக் அவரிடம் வேலை பார்த்தார். 1906இல் தம்பி தனியாகக் கார்ன்ஃபிளேக்ஸ் நிறுவனம் தொடங்கினார். கொஞ்ச நாளில் அண்ணனும் தன் உணவு நிறுவனத்துக்குக் கெல்லாக் என்று பெயர் வைத்தார். இரண்டு பேரும் பிறப்பாலேயே கெல்லாக். யார் எழுதினாலும் அந்தக் கொக்கி இலக்கணப்படி சரி. சட்டத்துக்கு அது போதவில்லை. 1920இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் தம்பி பக்கம் தீர்ப்புச் சொன்னது.

கெல்லாக்’ஸ் பெட்டியில் இருக்கும் சிவப்புச் சாய்வெழுத்து தம்பியின் கையெழுத்திலிருந்து வந்தது. போலிகள் பெருகியபோது, என் கையெழுத்து இருப்பதே அசல் என்று பெட்டியில் அச்சிட்டார். எனக்குப் பிடித்த நுணுக்கம் இதில்தான் இருக்கிறது. உலகத்தில் யாரும் கையெழுத்துப் போடும்போது பெயருக்குப் பின்னால் கொக்கியும் எஸ்ஸும் போடுவதில்லை. காசோலையில் ‘முருகனுடைய’ என்று கையொப்பமிட்டால் வங்கி திருப்பி அனுப்பிவிடும். அந்தக் கையெழுத்தின் வாலில் ஒரு கொக்கியையும் எஸ்ஸையும் சேர்த்ததும் ஒப்பம் உரிமைப் பத்திரமாகிவிட்டது. இதை எழுதியவன் நான் என்பது போய், இது என்னுடையது என்றாகிவிட்டது. தினமும் பாலில் கொட்டும் பெட்டியில் இப்படி ஓர் உருமாற்றம்.

இதுவரை பார்த்தது கொக்கி பெயருக்குள்ளேயே இருக்கும் பெயர்கள். கொக்கி இல்லாத பெயரை ஒரு வாக்கியத்தில் உடைமையாக்க வேண்டியிருந்தால் என்ன செய்வது? அடோபி® என்ற பெயரோடு ‘உடைய’ சேர வேண்டும். கொக்கியையும் எஸ்ஸையும் வட்டத்துக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா?

முன்னால் வைத்து அடோபி’ஸ்® என்று எழுதினால் பார்க்க அழகு. ஆனால் வட்டம் தன் இடப்பக்கத்துக்கெல்லாம் சாட்சி சொல்லும் குறி. அடோபி’ஸ் என்ற பெயர் பதிவாகியிருக்கிறது என்று அது பொய்ச்சாட்சி சொல்ல நேர்கிறது. பின்னால் வைத்து அடோபி®’ஸ் என்று எழுதினால் உண்மை காப்பாற்றப்படுகிறது, அழகு போய்விடுகிறது. வட்டத்தின் முதுகில் கொக்கி தொற்றிக்கொண்டு, எஸ் அநாதையாக வெளியே நிற்கும். தர்க்கம் பின்னால் என்கிறது; கண் முன்னால் என்கிறது.

வழக்கறிஞர்கள் இந்தச் சண்டைக்குள் போகாமல் மூன்றாவது வழி கண்டுபிடித்தார்கள், அதை நான் ரசிக்கிறேன். டிரேட்மார்க்கை உடைமையாக்காதே, பன்மையாக்காதே, வினையாக்காதே. அடைமொழியாக மட்டும் வை. பின்னால் அந்தப் பொருளின் பொதுப்பெயரைச் சொல். அடோபி நிறுவனத்தின் வழிகாட்டியே இப்படித்தான் சொல்கிறது. ஃபோட்டோஷாப்பின் புதிய வசதிகள் என்று எழுதக் கூடாது. அடோபி® ஃபோட்டோஷாப்® மென்பொருளில் உள்ள புதிய வசதிகள் என்று எழுத வேண்டும். வாக்கியம் நீண்டுவிட்டது, ஆனால் கொக்கிக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. சிக்கலைத் தீர்க்காமல், சிக்கல் வரும் வாசலையே சுவரெழுப்பி அடைத்த சாமர்த்தியம்.

இந்தக் கெடுபிடிக்குப் பின்னால் பயம் இருக்கிறது. பெயர் சாதாரணப் பெயர்ச்சொல் போலப் பழக ஆரம்பித்தால், எல்லாரும் அதை எல்லாப் பொருளுக்கும் சொல்வார்கள். கடைசியில் நீதிமன்றமே அது யாருக்கும் தனிச்சொத்து இல்லை என்றுவிடும். அமெரிக்காவில் ஆஸ்பிரின் 1921இலும், எஸ்கலேட்டர் 1950இலும், தெர்மாஸ் 1963இலும் அப்படிக் கைநழுவிப் போயின. ஒரு பெயருக்கு ’ஸ் சேர்க்கும்போது அதற்குச் சொத்து இருப்பதாகவும், ஆள் போல அது நடமாடுவதாகவும் ஆகிவிடுகிறது. வழக்கறிஞருக்கு அது வேண்டாம். பெயர் எப்போதும் அடைமொழியாகக் கைகட்டி நிற்க வேண்டும். அதற்குச் சொந்தமாக ஒன்றும் இருக்கக் கூடாது. சொத்தைக் காக்கிற சட்டம், அந்தச் சொத்துக்கு எதுவும் சொந்தமாவதை அனுமதிப்பதில்லை.

சரி, ஏற்கெனவே கொக்கி உள்ள பெயரை உடைமையாக்கினால்? மெக்டொனால்ட்’ஸின் புதிய பட்டியல் என்பதை ஆங்கிலத்தில் விதிப்படி எழுதினால் மெக்டொனால்ட்’ஸ்’ஸ் என்று வரும். இரண்டு கொக்கி, இரண்டு எஸ். வட்டத்தையும் சேர்த்தால் மெக்டொனால்ட்’ஸ்®’ஸ். முதல் கொக்கி சகோதரர்களுக்கு, வட்டம் நிறுவனத்துக்கு, இரண்டாவது கொக்கி பட்டியலுக்காக. மூன்று உரிமையாளர்கள் ஒரே சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். நல்ல ஆங்கிலப் பிரதி திருத்துபவர் இதைப் பார்த்ததும் இரண்டாவதை ஓசையில்லாமல் அடித்துவிடுவார். ஏற்கெனவே உள்ள கொக்கி இரண்டு வேலையையும் பார்க்கட்டும் என்று விட்டுவிடுவார், அல்லது வாக்கியத்தையே திருப்பிப் போடுவார். விதி இருக்கிறது, பொருத்திப் பார்த்தால் தப்பும் இல்லை. ஆனாலும் செய்ய மாட்டார்கள். விதியைத் தெரிந்தவர் விதியைக் கைவிடும் அந்த இடத்தில் இருக்கிறது அவருடைய கைத்திறன்.

ஜாக் டேனியல்’ஸ் விஸ்கிக்கு நேர்ந்தது இன்னும் வேடிக்கை. டென்னசியில் அதைத் தொடங்கிய டேனியல் 1911இல் காலமானார். 1956 முதல் கென்டக்கியின் பிரௌன்-ஃபோர்மன் நிறுவனம் அதன் உரிமையாளர். அந்தப் புட்டியைக் கேலி செய்து, நாய்கள் கடித்து விளையாட ஒரு ரப்பர் பொம்மை வந்தது. பெயர் ‘பேட் ஸ்பேனியல்ஸ்’. அதே சதுரக் கறுப்புப் புட்டி, அதே எழுத்தமைப்பு. 2023 ஜூன் 8 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக விஸ்கி நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. டிரேட்மார்க் போலப் பயன்படுத்திவிட்டு, பேச்சுரிமைக்கான தனிச் சலுகையைக் கேட்க முடியாது என்றார் நீதிபதி எலினா ககன். கேலியின் நுணுக்கம் கொக்கியில் இருக்கிறது. காதுக்கு டேனியல்’ஸும் ஸ்பேனியல்ஸும் இரட்டைப் பிள்ளைகள். கண்ணுக்கு ஒன்றில் கொக்கி உண்டு, இன்னொன்றில் இல்லை. முன்னது டேனியலுடையது, பின்னது நிறைய ஸ்பேனியல் நாய்கள். ஒரு மனிதரின் உடைமை நாய்க்கூட்டத்தின் பன்மையாக மாற, ஒரு கொக்கி விழுந்தால் போதுமாயிருந்தது.

தப்பான இடத்தில் விழுந்த கொக்கி பதிவேட்டில் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு லேண்ட்ஸ்’ எண்ட் பெயர் சாட்சி. 1963இல் சிகாகோவில் பாய்மரப் படகுச் சாமான்களைத் தபாலில் விற்கத் தொடங்கியவர் கேரி கோமர். இங்கிலாந்தின் கார்ன்வால் முனைக்கு லேண்ட்’ஸ் எண்ட் என்று பெயர்; நிலத்தின் முடிவு. இவருடைய முதல் அச்சுப்பிரதியில் கொக்கி ஓர் எழுத்து தள்ளி எஸ்ஸுக்குப் பின்னால் விழுந்துவிட்டது. நிலங்களின் முடிவு என்றாகிவிட்டது. மறுபடி அச்சிடக் கையில் காசில்லை என்று அந்த நிறுவனமே தன் கதையாகச் சொல்கிறது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டார். இன்று அந்தப் பெயரைச் சரியாக எழுதுவதென்றால் அந்தப் பிழையைப் பிழையில்லாமல் எழுத வேண்டும். மெய்ப்புத் திருத்துபவரின் கை தானாகக் கொக்கியை முன்னுக்கு இழுக்கப் பார்க்கும். வட்டம் அதைத் தடுக்கும். அங்கே ® என்பது பிழைக்குக் கிடைத்த பாதுகாப்பு.

எல்லாரும் கொக்கியைக் காப்பாற்றவில்லை. லண்டனின் ஹாரட்ஸும் செல்ஃப்ரிட்ஜஸும் எப்போதோ கழற்றிவிட்டன. 2012 ஜனவரியில் வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை தன் கொக்கியை எடுத்தபோது மட்டும் இங்கிலாந்தில் கூச்சல் எழுந்தது. நிறுவனர் டிம் வாட்டர்ஸ்டோனின் கடை, அதுவும் புத்தகக் கடை, இலக்கணத்தைக் கைவிடலாமா என்று அபாஸ்ட்ரஃபி பாதுகாப்புச் சங்கம் கண்டித்தது. இணைய முகவரிகளின் உலகில் கொக்கி இல்லாத பெயரே கைக்கு வசதி என்றார் அப்போதைய நிர்வாக இயக்குநர் ஜேம்ஸ் டான்ட். அவர் சொன்னது பொய்யில்லை. இணையதள முகவரிக்குள் அபாஸ்ட்ரஃபி நுழையவே முடியாது. மெக்டொனால்ட்’ஸும் தன் முகவரியில் கொக்கியை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறது. கனடாவின் டிம் ஹார்ட்டன்ஸ் கொக்கியை இழந்தது மொழிச் சட்டத்தால். 1964இல் ஹாமில்டனில் ஹாக்கி வீரர் டிம் ஹார்ட்டன் தொடங்கியது அது. கியூபெக்கின் 1977ஆம் ஆண்டு பிரெஞ்சு மொழிச் சட்டத்தின் கண்ணில் அந்தக் கொக்கி ஆங்கில இலக்கணம்; நாடு முழுக்க ஒரே பலகை வேண்டுமென்று எடுத்துவிட்டார்கள்.

நம் சமையலறை அலமாரியில் இருக்கும் ஹார்லிக்ஸும் இந்தக் கட்சிதான். ஜேம்ஸ், வில்லியம் என்ற ஹார்லிக் சகோதரர்களின் பழைய அமெரிக்க விளம்பரங்களில் கொக்கி உண்டு. இப்போதைய புட்டியில் இல்லை. அண்ணா சாலையில் ஹிக்கின்பாதம்ஸ் பலகையைப் பார்த்தாலும் கொக்கியைக் காணோம். 1844இல் சென்னையில் கடை திறந்த ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதமின் பெயருக்குப் பின்னால் எஸ் மட்டும் நிற்கிறது. கொக்கி போன பெயரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஒருவருடையது என்ற பொருள் தேய்ந்து, ஊரறிந்த பெயர் என்ற பொருள் முற்றும்போது கொக்கி பழுத்த இலை போல் உதிர்கிறது. அமெரிக்காவின் இடப்பெயர் வாரியம் 1890 முதலே மலைக்கும் ஆற்றுக்கும் கொக்கி தருவதில்லை. மார்த்தா’ஸ் வின்யார்ட் போல விரல்விட்டு எண்ணக்கூடிய விலக்குகளே உண்டு.

தமிழில் இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று பார்ப்பதும் ஒரு சுகம். நமக்குக் கொக்கி இல்லை, எஸ் ஒட்டிக்கொண்டு மட்டும் வந்துவிட்டது. கெல்லாக்ஸின் பெட்டி என்று சர்வசாதாரணமாக எழுதுகிறோம். அதில் ஆங்கில உடைமையும் தமிழ் உடைமையும் தோளில் கைபோட்டு நிற்கின்றன. ஆங்கிலப் பிரதி திருத்துபவரைத் திணறடித்த இரட்டை உடைமை தமிழில் முணுமுணுப்பில்லாமல் முடிந்துவிடுகிறது.

சிக்கல் வட்டம் வரும்போதுதான். ஸ் என்ற மெய்யும் இன் என்ற உருபும் புணர்ந்து ஸின் ஆக வேண்டும். நடுவில் ® வந்து உட்கார்ந்தால் மெய்யும் உயிரும் சேர முடியாது. ஹார்லிக்ஸ்®இன் என்று எழுதினால் புணர்ச்சி கெட்டு எழுத்துகள் விரைத்து நிற்கும். ஹார்லிக்ஸின்® என்று எழுதினால் பதிவாகாத உருபுக்கும் பட்டா போட்டதாகிவிடும். சிறுகோடு போட்டு ஹார்லிக்ஸ்®-இன் என்று எழுதலாம்; பிழையில்லை, ஆனால் நாக்கு தடுக்கும். விளம்பரத் தமிழில் தேர்ந்தவர் உருபைப் பெயரிலிருந்து எடுத்து அடுத்த சொல்லுக்கு நகர்த்திவிடுவார்: ஹார்லிக்ஸ்® பானத்தின் சுவை. வட்டம் மெய்யோடு நின்றது. உருபு பானத்தோடு இயல்பாகப் புணர்ந்தது. அமெரிக்க வழக்கறிஞர் சொத்து பறிபோகுமே என்று பயந்து வந்து சேர்ந்த இடத்துக்கே தமிழ்ப் புணர்ச்சி விதி தன் வழியில் வந்து சேர்ந்திருக்கிறது. பெயர் அடைமொழியாக முன்னால், பொதுப்பெயர் பின்னால், உடைமை பொதுப்பெயருக்கு. இரண்டு பேரும் கலந்து பேசியதில்லை.

கடைசியாக, இந்த இரண்டு குறிகளில் எழுதுகிறவரைக் கட்டுப்படுத்துவது எது? சட்டபலம் முழுக்க வட்டத்திடம் இருக்கிறது. ஆகவே வட்டம் என்றுதான் தோன்றும். உண்மை நேர்மாறு. ® போடும் கவலை நிறுவனத்தின் தலைவலி. கட்டுரையோ செய்தியோ கதையோ எழுதுகிறவர் அதைப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. முடிந்த இடத்திலெல்லாம் விட்டுவிடுங்கள் என்றே சிகாகோ நடைக் கையேடு சொல்கிறது. போட்டே ஆக வேண்டிய விளம்பர வாசகத்தில் மட்டும், முற்றுப்புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் முன்னால் பெயரோடு ஒட்டி வையுங்கள் என்கிறது.

கொக்கியை அப்படி விட முடியாது. அதற்குச் சட்டத்தில் ஒரு பைசா பெறுமானமில்லை. அது சுட்டும் மனிதர் இறந்து நூறாண்டு ஆகியிருக்கலாம், நிறுவனம் நாலு கை மாறியிருக்கலாம். ஆனாலும் அது எழுத்துக்கூட்டின் பகுதி. ஆங்கிலத்தில் எழுதுகிறவர் அதை விட்டால் பிழை, இடம் மாற்றினாலும் பிழை. கோடிக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய உரிமையின் குறியை எழுதுகிறவர் கேட்காமலேயே விட்டுவிடலாம். விற்றுவிட்டுப் போனவரின் பெயரில் தொங்கும் குறியை ஒவ்வொரு முறையும் மறக்காமல் போட்டாக வேண்டும். மெக்டொனால்ட் சகோதரர்களுக்கு அந்த 27 லட்சம் டாலருக்கு மேல் வந்த கூடுதல் கட்டணம் இதுதான். ஆங்கிலத்தில் அந்தப் பெயரைச் சரியாக எழுதும் ஒவ்வொருவரும் அதைச் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள்.